விசாரிக்க வந்த ஐயர்

எனக்கு எண்பத்தேழு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது ஒன்பது. மிச்சம் மூன்று எங்கிருந்து வந்தது என்று போன வாரமே சொல்லியாகிவிட்டது. படிக்காதவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளட்டும். திரும்பச் சொல்ல எனக்கு நேரம் இருக்கிறது, மனம்தான் இல்லை.

எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுதச் சொன்னால் என் பெயரை எழுதுவேன். மற்றதை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். ஆகவே இது நான் எழுதியதுதான்.

இந்த வாரம் குப்புவைப் பற்றி.

குப்பு கல்லறைத் தோட்டத்தில் தன் பிள்ளையின் குழி மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் களைக்கொத்து. காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. குழி மண் இன்னும் நிறம் மாறாமல் சிவப்பாகவே கிடந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மல்லாட்டைக் கொல்லை. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். செடி பிடுங்கிப் போட்ட பச்சை வாசனை வந்துகொண்டே இருந்தது.

அவளுக்கு எதிரே எங்கள் ஐயர், குடையை விரித்தபடி. அவர் பக்கத்தில் என் வீட்டுக்காரர். பின்னால் கேப்பைக் கூழ்ச் சட்டியோடு நான்.

ஐயர் குப்புவுக்கு ஆறுதல் சொல்ல வந்திருந்தார். குப்பு ஐயரை வெட்ட வந்திருந்தாள். இரண்டு பேரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள்.

எந்த ஐயர்

எங்கள் சபையில் பாதிரியாரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். பூணூல் போட்ட ஐயர் வேறு. இது தெரியாமல் படித்தால் குழப்பம் வரும். தெரிந்தவர்களுக்கே வந்திருக்கிறது.

ஐயர் திண்டிவனத்தில் இருப்பார். சுற்றியுள்ள கிராமத்துச் சபைகள் எல்லாம் அவர் பொறுப்பு. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் உபதேசியார் உண்டு. மணி அடிப்பது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது, ஐயர் வராத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்வது எல்லாம் அவர் வேலை. மயிலம் போகிற வழியிலிருந்த எங்கள் ஊருக்கு என் வீட்டுக்காரர் உபதேசியார். நான் உபதேசியாரம்மா. அந்த வேலைக்கு என்னை யாரும் வைக்கவில்லை. யாராலும் எடுக்கவும் முடியவில்லை.

புது ஐயர் தெற்கத்திக்காரர், திருநெல்வேலிச் சீமை. ஞானசிகாமணி ஐயர் என்று பெயர். அவரை அழைத்து வர என் வீட்டுக்காரரை விழுப்புரம் ஜங்ஷனுக்கு அனுப்பினார்கள். இவர் ஒரு போர்ட்டரிடம் போய், "ஐயரு வந்துட்டாருங்களா?" என்று கேட்டார். போர்ட்டர் நல்லவன். இவரைக் கொண்டுபோய்ப் பிராமணர் சாப்பாட்டு அறை வாசலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டான்.

உள்ளே நிறைய ஐயர்கள் இருந்தார்கள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் உள்ளே நுழையவும் கூடாது, திரும்பிப் போகவும் மனமில்லை. கடைசியில் வாசலில் நின்றபடியே பொதுவாக ஒரு கும்பிடு போட்டு, எங்கள் சபை வழக்கப்படி "தோத்திரம் ஐயரே" என்றார். ஒருவரும் பதில் தோத்திரம் சொல்லவில்லை.

எங்கள் ஐயர் பிளாட்பாரத்துக் கோடியில் தகரப் பெட்டி மேல் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். மீசை சரியாக முளைக்காத வயது.

பாட்டிலோடு வந்தவர்கள்

இந்த ஐயர் கல்லூரியில் படித்ததே இந்தச் சங்கதியைத்தான். துக்கப்படுகிறவர்களிடம் எப்படிப் பேசுவது, சண்டை போடுகிற புருஷன் பெண்டாட்டிக்கு எப்படிப் புத்தி சொல்வது. அதற்கெல்லாம் படிப்பு இருக்கிறது என்று அவர் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை அது தானாக நடந்துகொண்டிருந்தது.

திண்டிவனத்தில் தன் வீட்டு வாசலில் ஒரு போர்டு மாட்டினார். ஆலோசனை வேண்டுவோர் செவ்வாய்க்கிழமை மாலை வரலாம் என்று அதில் எழுதியிருந்ததாம். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களிடம் சொல்லிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை வந்தவர்கள் எல்லோரும் கையில் காலி பாட்டிலோடு வந்தார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் அப்படித்தான் வழக்கம். பாட்டில் கொண்டுபோனால்தான் மருந்து ஊற்றுவார்கள்.

பிரம்மதேசத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் முதல் ஆளாகப் போனாள். நான் வாழைக்காய் கொடுக்கப் போனவள், கூடத்தில் நின்று இரண்டு பேர் பேச்சையும் காதில் வாங்கினேன்.

"ஆலோசனை இருக்குதுங்களா?"

"இருக்கும்மா, இரிங்க. ஒங்க கஷ்டத்தச் சொல்லுங்க."

"கஷ்டம் எனக்கில்லீங்க. எங்க ஊட்டுக்காரருக்கு. குடிச்சிட்டு வந்து அடிக்கிறாரு."

"நீங்க கொஞ்சம் பொறுமையா..."

"பொறுமை எங்கிட்டயே நெறைய இருக்குதுங்க. அவருக்கு ஏதாவது இருந்தா ஊத்திக் குடுங்க, ஜல்தியா போவணும்."

ஐயர் பாட்டிலைப் பார்த்தார். அந்த அம்மாளைப் பார்த்தார். கல்லூரியில் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

மறு வாரம் போர்டு இல்லை. ஐயர் ஒரு சைக்கிள் வாங்கியிருந்தார். ஆலோசனையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டார். அந்த அம்மாள் வீட்டுக்குத்தான் முதலில் போனார். புருஷன்காரன் ஐயரைக் கண்டதும் பின்பக்கமாக ஓடிவிட்டான். அவனுக்காகக் காத்து மாலை வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஒரு நாள் அவளுக்கு அடி விழவில்லை. படிப்பு வீணில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

தலைத்துணி

குப்புவின் ஞானஸ்நானப் பெயர் எலிசபெத். அது அவள் மாமியார் வாயில் எலி வரைக்கும்தான் வந்தது. எனவே குப்பு என்றே விட்டுவிட்டோம். ரொம்ப வருஷம் பிள்ளையில்லாமலிருந்து ஒரு பெண் பிறந்தது. கிருபை என்று பெயர் வைத்தோம். நடக்கப் பழகியும் நடக்காது. இடுப்பை விட்டு இறங்காது.

யுத்தம் நடந்து மண்ணெண்ணெய் மறைந்துபோன காலம். கிருபைக்குக் காய்ச்சல் கண்டது. மிஷன் ஆஸ்பத்திரி மருந்து ஒரு பாட்டில் முடிந்தது. இன்னொரு பாட்டிலும் முடிந்தது. என் வீட்டுக்காரர் போய் ஜெபம் பண்ணினார். காய்ச்சல் விடவில்லை.

குப்புவின் மாமியார் ஞானஸ்நானம் வாங்காதவள். அவள் சொன்னாள்: "உங்க சாமியைக் கேட்டாச்சு. இன்னா சொல்லிச்சு? இனிமே எங்க சாமியையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடலாம். கேட்டா தப்பா?"

குப்பு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாமியாரோடு மயிலம் மலைக்கோயிலுக்கு நடந்தாள். எங்கள் ஜனங்களை மலை மேல் விடுவார்களோ மாட்டார்களோ என்று ஏறவில்லை. அடிவாரத்துப் புளியமரத்தடியில் மாமியாரே பிள்ளைக்கு மொட்டை அடித்தாள். மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

அந்த வாரமே பிள்ளை போய்விட்டது.

பிள்ளையை நான்தான் குளிப்பாட்டினேன். மொட்டைத் தலையைப் பார்த்தேன். குப்பு என்னைப் பார்த்தாள். வெள்ளைத் துணி ஒன்றைக் கிழித்துத் தலையில் குல்லாய் மாதிரி கட்டினேன். என் வீட்டுக்காரர் துணியைப் பார்த்தார், ஏனென்று கேட்கவில்லை. உபதேசியார் வேலைக்கு அது ரொம்ப முக்கியம்.

எங்கள் சபை மூப்பர் கேட்டார். மூப்பர் என்றால் சபைக் கமிட்டியில் பெரியவர். சபைச் சட்டமெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"இன்னா உபதேசியாரம்மா, புள்ளைக்குத் தலையில துணி?"

"குளிருமேன்னு கட்டினேன்."

"செத்த புள்ளைக்கு இன்னாம்மா குளிரு?"

"எனக்கு இன்னா தெரியும்? நீங்க ஒருவாட்டி செத்துப் பாத்துட்டு வந்து சொல்லுங்க மூப்பரே."

அதோடு வாயை மூடிக்கொண்டார். கண்ணை மூடவில்லை.

சட்டம் என்னவென்றால், வேறு சாமிக்கு வேண்டுதல் செய்தவர்களைச் சபை விசாரிக்கும். விசாரித்து, எல்லோர் முன்பும் நிறுத்தி, திருவிருந்தில் அப்பமும் ரசமும் கொடுக்காமல் தள்ளிவைக்கும். முன்பு குறி கேட்கப் போன ஓர் ஆள் செத்தபோது, கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியேதான் அவருக்குக் குழி வெட்டினார்கள். மூப்பர் நின்று அளந்து காட்டினார். அது ஊரில் எல்லோருக்கும் தெரியும். குப்புவுக்கும் தெரியும்.

கிருபையை வேலிக்கு உள்ளே, வேப்பமரத்து நிழல் விழுகிற இடத்தில் அடக்கம் பண்ணினோம். ஐயர் அப்போது விழுப்புரம் பக்கத்துச் சபைகளுக்குப் போயிருந்தார். என் வீட்டுக்காரர்தான் ஜெபம் சொன்னார்.

ஒரு வார்த்தை குறைந்தது

ஐயர் திண்டிவனம் திரும்பி வந்ததும் சேதி கேட்டு வருத்தப்பட்டார். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "உபதேசியாரே, வெள்ளிக்கிழமை நான் வாரேன். அந்தம்மாவ விசாரிக்கணும். வீட்டுல இருக்கச் சொல்லிரும்" என்றார்.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யார் எதைச் சொன்னாலும் அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஒருமுறை ஐயர் திண்டிவனத்தில் செய்த பிரசங்கத்தை எங்கள் ஊரில் திரும்பச் செய்தார். ஐயர் நடுவில் இருமினாராம். இவரும் அந்த இடம் வந்ததும் இருமினார்.

ஆகவே நேரே குப்பு வீட்டு வாசலுக்குப் போய், "குப்பு, வெள்ளிக்கெழம ஐயரு வர்றாராம். உன்னை விசாரிக்கணுமாம். ஊட்டுலயே இருக்கச் சொன்னாரு" என்றார்.

மாமியார் எட்டிப் பார்த்தாள். "இன்னாத்த விசாரிக்கணுமாம்?"

"அதைச் சொல்லல. விசாரிக்கணும்னு மட்டுந்தான் சொன்னாரு."

தெற்கே எப்படியோ தெரியாது. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போவதைத் துக்கம் கேட்கப் போவது என்போம். படித்தவர்கள் துக்கம் விசாரிப்பது என்பார்கள். அப்போதும் முன்னால் அந்தத் துக்கம் இருக்கும். வெறுமனே விசாரிப்பது என்றால் அது போலீசு செய்வது, மணியக்காரர் செய்வது, சபைக் கமிட்டி செய்வது.

குப்பு அப்படியே திரும்பினாளாம். உள்ளே போய்க் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து விடிந்தால் அங்கேதான். பிள்ளைத் துக்கம், போகப்போகச் சரியாகும் என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு கூழ் கொண்டுபோய்க் கொடுத்தேன். களைக்கொத்து எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

குடை

வெள்ளிக்கிழமை ஐயர் குப்பு வீட்டுக்குப் போய், அவள் அங்கே இல்லாமல், கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். ஆரம்பத்தில் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம்.

துக்கத்திலிருப்பவர் முதலில் பேசட்டும், நாம் காத்திருக்க வேண்டும் என்பது ஐயர் படித்த படிப்பு. அதனால் ஒன்றும் பேசாமல் நின்றார். குப்புவுக்கு அது போலீசுக்காரன் நிற்பது மாதிரி இருந்திருக்கிறது. நான் சட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

ரொம்ப நேரம் ஆனதும் ஐயர், செத்தவர்கள் உயிர்த்தெழுவதைப் பற்றி நம்பிக்கையாக ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தார்.

"அம்மா, இந்தக் குழி இப்படியே மூடிக் கெடக்காது. ஒரு நா இது தொறக்கும். ஒங்க பிள்ள வெளிய வரும்."

குப்பு எழுந்தாள்.

"தொறப்பியா நீ? வா, தொற பாப்போம்! என் புள்ளை மேல கைய வச்சே, அந்தக் கை உனக்கு இருக்காது!"

களைக்கொத்தை வீசினாள். குடை குறுக்கே வந்ததால் ஐயர் பிழைத்தார். குடைக் கம்பி இரண்டு வளைந்தது. ஐயர் பின்னால் சரிந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் வந்து நின்றார்.

"நாந்தான் மயிலத்துக்குப் போனேன். நாந்தான் மொட்டை போட வச்சேன். விசாரிக்கணும்னா என்னை விசாரி. என்னை நிக்க வை, தள்ளி வை, ஊரை விட்டே தொரத்து. புள்ளைய எதுக்கு எடுத்து வேலிக்கு வெளிய போடறே? அது மயிலத்துக்கு நடந்தா போச்சு? நாந்தான தூக்கிக்கினு போனேன்!"

அதுவரை ஐயருக்கு மயிலம் என்றால் ரயில் நிற்கிற ஓர் ஊர், அவ்வளவுதான். துணி, மொட்டை, வேண்டுதல், ஒன்றும் அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. இப்போது அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சட்டப்படி இனிமேல் அவர் நிஜமாகவே விசாரித்தாக வேண்டும்.

நான் கேட்டேன். "யாரு குப்பு உனக்கு வெளிய போடுவாங்கன்னு சொன்னது?"

"உபதேசியாருதான் வந்து சொன்னாரே, ஐயரு விசாரிக்க வர்றாருன்னு."

என் வீட்டுக்காரர், "ஐயரு அப்படித்தான சொன்னாரு" என்றார்.

ஐயர் மண்ணில் உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்தார். பிறகு குப்புவிடம் திரும்பி, "துக்கம் விசாரிக்க வந்தேம்மா. துக்கத்த விட்டுட்டுச் சொல்லி அனுப்பிட்டேன்" என்றார்.

குப்பு களைக்கொத்தைக் கீழே வைக்கவில்லை. "அப்ப தோண்ட மாட்டீங்களா?"

"எனக்கு மண்வெட்டி பிடிக்கவே தெரியாதும்மா."

"மூப்பரு தோண்டுவாரே."

ஐயர் குடையை மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை. "எங்கிட்டக் கேட்டுட்டுத்தான தோண்டணும்? கேக்கட்டும்" என்றார்.

அதற்குப் பிறகுதான் குப்பு உட்கார்ந்தாள். ஐயர் எழுந்திருக்காமல் அங்கேயே இருந்தார். பிள்ளை என்னென்ன பேசும் என்று கேட்டார். மல்லாட்டையை மத்தாட்டை என்னும் என்றாள். நாயைக் கண்டால் மாமா என்று கூப்பிடும் என்றாள். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

குழி ஓரத்தில் நாய் பறித்த இடம் ஒன்று இருந்தது. ஐயர் களைக்கொத்தைக் கேட்டு வாங்கி, அங்கே மண்ணைத் தள்ளி மூடப் பார்த்தார். குப்பு கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாங்க ஐயரே, எருமை கொம்பால குத்தற மாதிரி குத்தறீங்க. உள்ள புள்ளை கீது. குடுங்க இங்க" என்று பிடுங்கிக்கொண்டாள். பிள்ளை போன பிறகு அவள் அவளாகப் பேசிய முதல் பேச்சு அது.

கூழை இரண்டு பேருக்கும் ஊற்றினேன். ஐயருக்குக் கேப்பைக் கூழ் பழக்கமில்லை. முகம் சுளிக்காமல் குடிக்க முயன்றார், முடியவில்லை. குப்பு அதைப் பார்த்தாள். சிரித்தாள் என்று சொல்ல மாட்டேன். பார்த்தாள்.

கடுமையான விசாரணை

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூப்பர் எழுந்தார். சபை கலையவில்லை. குப்பு கதவோரத்தில், முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐயர் பொய் சொல்ல மாட்டார். எனக்கு அதுதான் பயம்.

"ஐயரே, குப்பு சமாச்சாரம். புள்ளைத் தலையில துணி கட்டியிருந்தது. ஊருல ஒரு மாதிரி பேசிக்கிறாங்க. விசாரிச்சீங்களா?"

"விசாரிச்சேன்."

"நேருல போயா?"

"நேருலதான். கல்லறைத் தோட்டத்துலயே உக்காந்து விசாரிச்சேன்."

"முழுசா?"

"வெயில் சாயற வரைக்கும். உபதேசியாரும் அம்மாவும் கூட இருந்தாங்க."

மூப்பர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "இன்னா உபதேசியாரே, ஐயரு எதுக்குப் போனாரு?"

என் வீட்டுக்காரர் எழுந்து கையைக் கட்டிக்கொண்டார். "விசாரிக்கத்தான். எங்கிட்ட அந்த ஒரு வார்த்தைதான் சொன்னாரு."

அவரைக் கட்டிக்கொண்டதற்கு அன்றைக்கு ஒரு நாள் நான் சந்தோஷப்பட்டேன்.

"இன்னா முடிவு?" என்றார் மூப்பர்.

"முடிஞ்சுது. குழி இருக்க எடத்துலயே இருக்கும். இனிமே அந்தம்மாட்ட யாரும் இதப் பத்திக் கேக்கக் கூடாது."

மூப்பருக்கு இன்னும் மனம் ஆறவில்லை. சுற்றிலும் பார்த்தார். பீடத்துப் பக்கத்துச் சுவரில் குடை சாய்ந்திருந்தது.

"குடை ஏன் ஐயரே இப்படி வளைஞ்சு கெடக்குது?"

"விசாரிக்கப் போன எடத்துல வளைஞ்சுது."

மூப்பர் குடையைப் பார்த்தார். குப்புவைத் திரும்பிப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புது ஐயரு சின்னப் பையன்னு நெனைச்சேன், விசாரணையில ரொம்பக் கடுமை என்று மறுநாளே மயிலம் சந்தை வரைக்கும் போய்ச் சொன்னாராம்.

அதற்கப்புறம் எங்கள் ஊரில் வெகுநாள் யாரும் ஐயரிடம் தப்பான காரியம் எதையும் சொல்லவில்லை. பயம். எல்லாம் என்னிடம் வந்தது.

குப்புவுக்குத் துக்கம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. களைக்கொத்தை வீட்டுக்கு எடுத்துப் போனாள், வேலைக்குப் போனாள். மல்லாட்டை பிடுங்குகிற காலத்தில் ஒரு பிடி கொண்டுவந்து அந்தக் குழி மேல் வைத்துவிட்டுப் போவாள். அதை யாரும் விசாரிக்கவில்லை.

சரி, மேரி, எழுதினது போதும். எழுதினதைப் படி. முழுவதும் அப்புறம். முதலில் உன் தாத்தா குப்பு வீட்டு வாசலில் நின்று சொல்கிற இடத்தைப் படி.

என்ன? 'துக்கம் விசாரிக்கணுமாம்' என்றா போட்டிருக்கிறாய்? நான் மறந்துவிட்டேன் என்று நீயாகச் சேர்த்தாயா? எடுத்துவிடு. உன் தாத்தா அதைச் சொல்லவில்லை.

எடுத்தாயா? இப்போது படி.